லயத்து வாசலில் பூத்த பூக்கள்



பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி என்றும் மறக்காது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் வரிசையாக நிற்கும் லயத்து வீடுகள். எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரிக் கூரை, ஒரே வண்ணம். ஆனால் வாசலுக்கு வாசல் வேறுபாடு உண்டு. ஒரு வாசலில் செம்பருத்தி நிற்கும். அடுத்த வாசலில் மல்லிகைக் கொடி படர்ந்திருக்கும். அதற்கடுத்த வாசலில் கனகாம்பரமும் காசித்தும்பையும் கலந்து பூத்திருக்கும். வெளியூரிலிருந்து வரும் உறவினருக்கு வீட்டு அடையாளம் சொல்லும்போது, "நந்தியாவட்டை நிற்கிற வீடு" என்று சொன்னாலே போதும், வழி தெரிந்துவிடும்.

அந்தப் பூச்செடிகளைப் பற்றி வீட்டுக்குள்ளே ஒரு வாக்குவாதமும் நடப்பதுண்டு. "இந்த இடத்திலே நாலு மிளகாய்க் கன்று வெச்சாலும் கறிக்கு ஆகும். பூவை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "சாமிக்கு வைக்க வேணாமுங்களா? பிள்ளைங்க தலைக்கு வேணாமுங்களா?" என்று வீட்டுக்காரம்மா பதில் சொல்வார். அந்தப் பதில் சரியான பதில்தான். ஆனால் அது முழுப் பதில் அன்று. இந்நாட்டுத் தோட்டங்களின் நூறாண்டு வரலாறு, அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலையும் வைத்திருக்கிறது. அதைத்தான் இன்று காணப் போகிறோம்.

முதலில், இந்தப் பூக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

சங்கப் புலவர் கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். நம் வாசலில் இட்லிப்பூ என்று அழைக்கிறோமே, அந்தச் சிவந்த வெட்சி அதில் இருக்கிறது. முல்லையும் இருக்கிறது. ஆனால் மாலை கட்டுவதற்கு நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் துலுக்கச் சாமந்தி அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால் அதன் தாயகம் மெக்சிக்கோ. ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்தைக் கண்ட பிறகுதான் அது கிழக்கு நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. கையில் எடுத்தால் காகிதம்போல் சலசலக்கும் வாடாமல்லியும் நடு அமெரிக்காவைச் சேர்ந்தது. நித்தியகல்யாணியோ ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவின் பூ. கனகாம்பரமும் துளசியும் கறிவேப்பிலையும் இந்திய மண்ணிலிருந்து வந்தவை.

பூக்கள் மட்டுமா வந்தவை? நாம் வேலை செய்த மரமே வந்த மரம்தான். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அதில் ஒரு சிறு பகுதியே முளைத்தது. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. நம் நாட்டில் அதை வாணிப முறையில் முதன்முதலாகப் பயிரிட்டது 1917-ஆம் ஆண்டில், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரைக் கேட்டாலே அங்கு வேலை செய்தவர்கள் யார் என்பது நமக்குப் புரிந்துவிடும்.

ஆக, மரமும் வந்தது, பூவும் வந்தது, அவற்றை நட்ட மக்களும் கடல் கடந்து வந்தார்கள். வந்த இடத்தில் இவை எப்படி ஒன்றோடொன்று கூடி வாழ்ந்தன என்பதுதான் நமது வரலாறு.

தொடக்க காலத்தில் தோட்டத் துரைமார்கள் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தின் அடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பதே அந்தக் கொள்கை. தரை துடைத்ததுபோல் இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று பெயர். அதற்காக ஆண்களும் பெண்களும் வெயிலில் குனிந்து புல் வெட்டினார்கள். மலைச்சரிவுகளில் என்ன நடந்தது? மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. நாளடைவில் துரைமார்களே தங்கள் தவற்றை உணர்ந்தார்கள். 1920-களிலும் 1930-களிலும், தரையை மூடிப் படரும் அவரை இனக் கொடிகளை மரங்களின் நடுவே வளர்க்கும் முறை பரவலாயிற்று. அவற்றுள் ஒரு கொடியின் பூ நம் வீட்டுச் சங்குப்பூவைப் போலவே இருக்கும். தீம்பாரில் வேலை செய்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கொடிகள் மண்ணைப் பிடித்து நிறுத்தின. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்த்தன. வெறும் தரை நல்ல தரை அன்று என்பது தோட்ட வரலாறு கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இதைவிடக் கசப்பானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதுப்புதுப் பூச்சி மருந்துகள் வந்தன. தொட்ட பூச்சியையெல்லாம் கொல்லும் மருந்துகள் அவை. செம்பனைத் தோட்டங்களில் அங்கங்கே இலையைத் தின்னும் புழுக்கள் தென்பட்டதும், இந்த மருந்துகளைத் தெளித்தார்கள். அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும், மருந்தடித்த தோட்டங்களிலேயே புழுக்கள் முன்பைவிடப் பெரும்படையாகப் பெருகின. மலாய் மொழியில் 'உலாட் புங்குஸ்' என்று சொல்லும் பைப்புழுக்கள் அவை. இலைத் துணுக்குகளைக் கொண்டு தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு, ஓலையின் அடியில் தொங்கும் புழுவை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது பெருகிவிட்டால் பச்சை ஓலை காய்ந்து பழுப்பேறி, மரமே தீயில் கருகியதுபோல் தோன்றும். காய்ப்பும் குறைந்துவிடும்.

மருந்தடித்தும் புழு ஏன் பெருகியது? அக்காலத்தில் மலேசியாவில் பணியாற்றிய பி. ஜே. உட் என்ற பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். செம்பனையைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1968-ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளிமையானது. பைப்புழுவுக்கு இயற்கையிலேயே எதிரிகள் உண்டு. எறும்பளவே உள்ள சிறு குளவிகள், புழுவின் உடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் அந்தப் புழுவையே தின்று வளரும். புழுவைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளும் உண்டு. மருந்து தெளித்தபோது பைக்குள் ஒளிந்திருந்த புழுக்களில் பல தப்பித்துக்கொண்டன; வெளியே பறந்து திரிந்த குளவிகளோ மாண்டன. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனை விட்ட கதையாயிற்று. கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில், குளவிகள் மீண்டும் வந்தன, புழுக்களும் குறைந்தன.

இங்கேதான் பூ வருகிறது, நேயர்களே.

அந்தச் சிறு குளவி, குஞ்சாக இருக்கும்போது புழுவைத் தின்கிறது. வளர்ந்த பிறகு அது புழுவைத் தின்பதில்லை. அதற்குத் தேன் வேண்டும். தேன் கிடைத்தால் பல நாள் உயிர் வாழும். மேலும் பல புழுக்களில் முட்டையிடும். தேன் கிடைக்காவிட்டால் விரைவில் மடிந்துவிடும். ஆகவே பூ இல்லாத தோட்டத்தில் குளவி இல்லை. குளவி இல்லாத தோட்டத்தில் புழுவுக்குக் கொண்டாட்டம்.

இதை உணர்ந்த பிறகு, பெரிய பெரிய செம்பனைத் தோட்டங்களே சாலையோரத்தில் பூச்செடிகளை நடத் தொடங்கின. இன்று நீங்கள் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போனால், முழங்கால் உயரத்தில், வெளிர்நிற இதழும் நடுவில் கருமையும் கொண்ட பூக்களை வரிசையாகக் காணலாம். காலையில் விரிந்து நண்பகல் அளவில் வாடிவிடும் பூ அது. தர்னெரா என்பது அதன் பெயர். பூவில் மட்டுமன்றி, இலையின் அடியிலும் அது தேன் சுரக்கும். இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்துக் கொத்தாகச் சொரியும் அன்டிகோனான் கொடியையும், மஞ்சள் பூப் பூக்கும் ஆவாரை இனச் செடியையும் நடுகிறார்கள். அவற்றைப் பார்க்கும் பலர், வழி அழகாக இருப்பதற்காக நட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அவை வேலைக்கு வைக்கப்பட்ட பூக்கள்.

மூன்றாவது பாடம், நம் தோட்டத்துப் பெண்களின் கைகளோடு தொடர்புடையது.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியாக வரும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேர்ந்தால்தான் பழம் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்ய ஒரு வகைச் சிறு வண்டு இருந்தது. நம் நாட்டுக்கு விதை வந்தது, வண்டு வரவில்லை. காற்றும் இங்குள்ள சில நுண்ணிய பூச்சிகளும் செய்த மகரந்தச் சேர்க்கை போதவில்லை. அதனால் பல தோட்டங்களில், குறிப்பாக இளமரங்களுக்கு, மனிதரே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. மகரந்தத்தை முகமாவோடு கலந்து, மரம் மரமாகச் சென்று, பெண் பூங்கொத்தில் ஊதித் தூவுவார்கள். நம் தாய்மார்கள் பலர் இந்த வேலை பார்த்தவர்கள்.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் வேலை பார்த்தபோது, அங்கே செம்பனைப் பூவைச் சுற்றி வண்டுகள் மொய்ப்பதையும், யாரும் மகரந்தம் தூவாமலேயே குலைகள் நிறைந்து காய்ப்பதையும் கவனித்தார். பிற்காலத்தில் அவருடைய முயற்சியால், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் 1970-களின் இறுதியில் கேமரூனுக்குச் சென்று அந்த வண்டுகளை ஆராய்ந்தார். அந்த வண்டால் வேறு பயிர்களுக்குக் கேடு வராது என்பது சோதித்து உறுதி செய்யப்பட்ட பிறகு, 1981-ஆம் ஆண்டில் ஜொகூரில் முதன்முதலாக வெளியில் விடப்பட்டது. விரைவிலேயே அது நாடெங்கும் பரவியது. பழம் பிடிப்பது கூடியது. கையால் மகரந்தம் தூவும் வேலை நின்றது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு செய்யும் வேலையை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டுச் செம்பனை அரைகுறையாகப் பெற்றுவந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மரத்தைக் கொண்டு வந்தவர்கள், அதன் துணையை விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த மூன்று பாடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது லயத்து வாசலுக்குத் திரும்புவோம்.

1920-களிலேயே, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிட்டுக்கொள்ளச் சிறிது நிலம் ஒதுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. எல்லா இடத்திலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் நம் முன்னோர் கத்தரி, வெண்டை, முருங்கை, மரவள்ளி எல்லாம் போட்டார்கள். அவற்றின் ஓரத்தில் பூச்செடி வைத்தார்கள். பூச்சியியல் நூல் எதையும் அவர்கள் படித்ததில்லை. இருந்தாலும் அவர்கள் அமைத்த அந்தக் கலப்புத் தோட்டம், பிற்காலத்தில் அறிவியல் சொன்னதற்கு ஒத்திருந்தது.

கத்தரிப் பூவை எடுத்துக்கொள்வோம். அதன் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு என்று பிள்ளைகள் ஓடிப் பயப்படுகிறார்களே, அந்தத் தச்சுவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உறுமி அதிரச் செய்யும். அப்போது மகரந்தம் உதிரும். காயும் நன்றாகப் பிடிக்கும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். வாசலில் சங்குப்பூவும் துளசியும் பூத்திருந்தால் தேனீயும் வண்டும் நாள்தோறும் அந்தப் பக்கம் வரும். வந்தவை கொல்லைக்கும் போகும். துலுக்கச் சாமந்தியின் வேருக்கு இன்னொரு குணம் உண்டு. காய்கறிச் செடியின் வேரில் முடிச்சு முடிச்சாகக் கட்டிவிடும் நுண்புழுக்களைக் கொல்லும் ஒரு பொருள் அதில் இருக்கிறது. தக்காளி போடுமுன் அந்தப் பாத்தியில் ஒரு பருவம் சாமந்தி போட்டால் மண்ணுக்கு நல்லது.

செம்பருத்தி நம் நாட்டின் தேசிய மலராக 1960-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பூவைத் தேடித் தேன்சிட்டு வரும். அதே தேன்சிட்டு, நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கயிற்றிலோ கொடியிலோ பைபோல் தொங்கும் கூட்டைக் கட்டும். தேன் குடிக்கும் பறவை என்றாலும், தன் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது சிறு புழுக்களையும் சிலந்திகளையும்தான். ஆகவே அந்தக் கூட்டைக் கலைக்காதீர்கள். அது நம் செடிகளுக்குக் காவல் நிற்கும் குடும்பம்.

கறிவேப்பிலையில் சில வேளை பறவை எச்சம் போன்ற புழு ஒன்று இருக்கும். வளர்ந்தபின் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து சிறு கொம்பு நீட்டும். உடனே அதை நசுக்கிவிடுகிறோம். அதுவே வளர்ந்து அழகிய வண்ணத்துப்பூச்சியாக வாசலில் பறக்கும். பெரிய செடியாக இருந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுவைக்கலாம். பிள்ளைகள் அது கூடாகித் தொங்குவதையும், இறக்கை விரித்து வெளிவருவதையும் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். பாடநூலில் பத்துப் பக்கம் படிப்பதற்கு அது ஈடாகும்.

இவற்றுக்கெல்லாம் பகை எது? களைக்கொல்லி மருந்தும் பூச்சி மருந்தும்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 1960-களிலிருந்து நம் தோட்டங்களில் பெருமளவு தெளிக்கப்பட்டது. தெளித்தவர்களில் பெண்கள் மிகுதி. தோலிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கும், வயிற்றுக்குள் போனால் உயிரையே பறிக்கும் கொடிய நஞ்சு அது. பல ஆண்டு கால வாதங்களுக்குப் பிறகு, 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. தோட்டத்தில் பூவும் பூச்சியும் வாழ முடியாத இடத்தில் மனிதரும் நலமாக வாழவில்லை என்பதை நம் குடும்பங்கள் அனுபவத்தில் அறிந்தவை. ஆகவே வீட்டு வாசலிலாவது மருந்தடிக்காமல் இருப்போம். புல்லைக் கையால் பிடுங்குவோம். பேன்பூச்சி கண்ட இலையைக் கிள்ளி எறிவோம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். அரளியும் நித்தியகல்யாணியும் நஞ்சுள்ள செடிகள். சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டிங்கிக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

நேயர்களே, இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. லாரியில் கட்டிலும் அலமாரியும் ஏறின. தெய்வப் படமும் ஏறிற்று. வாசலில் நின்ற செடி மட்டும் ஏறவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் விதைக்கு விதை கைமாறி வந்த காசித்தும்பை, இயந்திரம் மண்ணைப் புரட்டிய ஒரே நாளில் இல்லாமல் போனது. அப்படிப் போன செடிகளை எண்ணி வைத்தவர் யாரும் இல்லை.

ஆனால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. விதை எடுப்பது கடினமான வேலை அன்று. காசித்தும்பையின் காய் முற்றியதும் தொட்டாலே வெடிக்கும். அதற்குமுன் ஒரு துணிப்பையைக் கட்டிவிடுங்கள். கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் படபடவென்று வெடித்து விதை சிதறும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. சாமந்தியும் வாடாமல்லியும் பூவிலேயே காயட்டும்; உதிர்த்துக் காகிதத்தில் மடித்து, பெயர் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை மூன்றுக்கும் ஒரு முற்றிய குச்சி போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மைலோ டின்னின் அடியில் துளையிட்டு, வெயில் படும் இடத்தில் துளசியும் சங்குப்பூவும் வைக்கலாம். நான்காம் மாடிக்கும் தேனீ வரும். இன்னும் லயத்தில் இருப்பவர்கள், பெயர்ந்து போகுமுன் பாட்டியிடம் கேட்டு ஒவ்வொரு செடிக்கும் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்; விதையை உறவினர் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

"பூவை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று யாராவது இனிக் கேட்டால், சாமிக்கும் பிள்ளை தலைக்கும் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பூ இருந்தால் குளவி வரும், புழு அடங்கும். வண்டு வரும், கத்தரி காய்க்கும். தேன்சிட்டு வரும், வீடு கலகலப்பாக இருக்கும் என்றும் சொல்லுங்கள். பெரிய தோட்டக் கம்பெனிகள் மருந்தடித்து நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை, நம் பாட்டிமார் வாசலிலேயே வைத்திருந்தார்கள் என்றும் சொல்லுங்கள்.